அழைக்கப்பட்டதும் உள்ளே வரவும்

எங்கள் குடும்பத்தில் யாரும் குடித்ததில்லை என்று முப்பது வருடம் சொல்லிவந்தேன். அதில் பதினான்கு வருடம் நானே குடித்துக்கொண்டிருந்தேன்.

எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பதும், எடைக்கல்லின் அடியில் இருக்கும் ஈயப்பொட்டில் முத்திரை குத்துவதும் வேலை. எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தேநீர் வாங்கிக் குடித்ததில்லை. கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'விறைப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது என் காதுக்கு வந்தது. பிடித்தும் இருந்தது.

சோதனைக் கற்களை வைத்துக்கொள்ள ஒரு மரப்பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே நீல வெல்வெட் துணி, கல்லுக்கு ஒரு குழி. இரண்டு கிலோ கல்லை அலுவலக மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அந்தக் குழியில் நான் ஒரு குப்பியை வைத்திருந்தேன். பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில். வீட்டில் என் அறைக் கதவில் நானே எழுதி ஒட்டிய அட்டை: 'அழைக்கப்பட்டதும் உள்ளே வரவும்.' மனைவி தட்டிவிட்டு நிற்பாள். மகன் பள்ளிக்கூடப் பையோடு நிற்பான். குப்பியை மூடி, வாயைத் துடைத்து, பெட்டியைப் பூட்டிய பிறகுதான் கூப்பிடுவேன். கண்டிப்பான மனிதர் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற மறுவருடம் ஓய்வூதியத் தாளில் போட்ட கையெழுத்து என்னுடையது இல்லை என்று ஒரு சின்னப் பெண் குமாஸ்தா திருப்பி நீட்டினாள். கை அவ்வளவு நடுங்கியது. அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் போனை என் முன்னால் வைத்தாள்.

"முகம் காட்ட வேண்டாம். பேர் சொல்ல வேண்டாம். உக்காந்து கேளுங்க, போதும்" என்றாள்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். மகனுக்குத் தெரியக்கூடாது, எந்தக் காலத்திலும். சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாள்.

அது குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் இணையத்தில் கூடும் குழு. தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு மணி நேரம். குடிப்பவனின் கை முதலில் எதையோ தேடுகிற நேரம் அது என்பதால் அந்த நேரத்தை வைத்திருந்தார்கள். திரையில் ஆளுக்கு ஒன்றாக நாற்பது வட்டங்கள். ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம். பேசி முடித்ததும் யாரும் புத்தி சொல்லக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது. "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவர் தொடங்குவார். இது என்ன கூத்து என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது வாரம், இவ்வளவு வருடத்தில் யாரும் என்னை எடைபோடாத இடம் இது ஒன்றுதான் என்று பட்டது. அந்த மாதமே விட்டேன். ஆறு வருடம் ஆகிறது. நான் தெளிந்திருந்ததை என் மனைவி இரண்டு வருடம் பார்த்தாள். பிறகு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

குழுவில் சம்பளமும் கிடையாது, பெரிய பதவியும் கிடையாது. எல்லா வேலையும் சேவை. நேரம் பார்ப்பவர், வாசிப்பவர், வாசல்காரர், எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் பொறுப்பாளர். குறைந்தது ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவருக்குத்தான் கொடுப்பார்கள், அதுவும் ஆறு மாதத்துக்கு. இந்த வருடம் வாசல் எனக்கு வந்தது. உள்ளே வர விரும்புகிறவர் முதலில் ஒரு காத்திருப்புத் திரையில் நிற்பார். அவர் வைத்துக்கொண்ட பெயர் மட்டும் வாசல்காரரின் திரையில் தெரியும். 'சேர்' என்று இருப்பதைத் தொட்டால் உள்ளே வந்துவிடுவார். புதியவராக இருந்தால் வாசல்காரர் தன் குரலில், எல்லாரும் கேட்க, "வாங்க. நீங்க வந்தது எங்களுக்கு நல்லது" என்று சொல்ல வேண்டும். எழுத்தில் அனுப்பக்கூடாது. குரலில்தான். குழு தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

பொறுப்பாளராக இருந்தவர் தையல்காரம்மா. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், குடியை விட்டுப் பதினோரு வருடம். பொறுப்பைக் கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்: "ஐயா, வாசல்ல உக்காறவங்களுக்கு ஒரே வேலைதான். திறக்கிறது. மூடறதுக்கு ஆள் வேண்டாம், அது தானா மூடிக்கும்."

எனக்கு அது வெறும் சேவையாகப் படவில்லை. ஓய்வுக்குப் பிறகு கிடைத்த முதல் பதவியாகப் பட்டது. காத்திருப்புத் திரையில் அதுவரை 'கொஞ்சம் இருங்க, வந்துடறோம்' என்று இருந்தது. சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு, 'வணக்கம். அழைக்கப்பட்டதும் உள்ளே வரவும்' என்று மாற்றினேன். பேருந்து ஓட்டுநர் ஒருவர் உண்டு, குழுவில் வாய்த்துடுக்கு அவருக்குத்தான். "ஐயா, ஊசி போட நிக்கிற மாதிரி இருக்கு. சட்டைக் கையை மடிச்சுக்கவா?" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் மாற்றவில்லை.

இரண்டாவது மாதம் எவனோ ஒருவன் பொய்ப்பெயரில் வந்து, ஒரு பெண் தன் முதல் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அசிங்கமான பாட்டைப் போட்டுவிட்டான். அவனை நான் உடனே 'நீக்கு' என்பதைத் தொட்டு வெளியே தள்ளினேன். நீக்கப்பட்ட பெயர் தடைப்பட்டியலில் ஏறும், பிறகு அந்தப் போனிலிருந்து எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அந்தப் பெண் அடுத்த நாள் எனக்கு நன்றி சொன்னாள். அதிலிருந்து என் மதிப்பு இரண்டு படி உயர்ந்துவிட்டது.

என் மகன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். கையில் எப்போதும் கிரீஸ் வாடை. நான்கு வருடமாக அதோடு வேறொரு வாடையும். போன வருடம் வேலையில் இருந்தபோது கைதவறி ஒரு ஸ்பேனரைப் பன்னிரண்டு மாடி ஆழத்துக்குள் போட்டான். கீழே நின்ற உதவியாளரின் தோளை உரசிக்கொண்டு போனது. இரண்டு மாதம் வீட்டில் உட்காரவைத்தார்கள். அப்போது அவனை என் அறைக்குக் கூப்பிட்டு, "நம்ம குடும்பத்துல எவனும் இதத் தொட்டதில்ல. நீ எங்கேர்ந்துடா வந்த?" என்று கேட்டேன். அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். திரும்பி வெளியே போய்விட்டான். வெட்கப்பட்டுவிட்டான், அது போதும் என்று நினைத்தேன்.

நான்காவது மாதம் தையல்காரம்மாவின் மகளுக்குப் பிரசவம். இரண்டு வாரம் கூட்டத்துக்கு வரமுடியாது, எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்து முப்பத்திரண்டுக்குக் காத்திருப்புத் திரையில் ஒரு பெயர் வந்தது: 'சுண்டு'.

என் மகன் பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தான் என்று அவன் அம்மா வைத்த பெயர் அது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. உலகத்தில் வேறு சுண்டுவே இருக்கக்கூடாதா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எண்ணெய் மின்னும் கம்பிவடம் சுற்றிய ஒரு பெரிய சக்கரம். மின்தூக்கியின் உச்சியில் இருப்பது.

தொட்டால் உள்ளே வருவான். வந்தால் நான் பேச வேண்டும். முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

இன்னொரு வழி இருந்தது. அதை மறைக்க மாட்டேன். "இன்னிக்கு வாசல நீங்க பாருங்க" என்று ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் கழன்றுகொண்டிருக்கலாம். ஐந்து விநாடி வேலை. என் மகன் உள்ளே வந்திருப்பான், நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்காது, என் மானமும் அப்படியே இருந்திருக்கும். செய்யவில்லை. ஏன் என்று பிறகு எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் உள்ளே வந்தால் நான் இனி வரமுடியாது. பெரியவரே என்று நாற்பது பேர் கூப்பிடும் இடத்தை நான் அவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

முதல் நாள் நான்கு நிமிடம் நின்றுவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை பதினொரு நிமிடம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று பெயருக்குப் பக்கத்தில் எண் ஓடும். புதன்கிழமை ஐந்து முப்பதுக்கு வந்து ஆறு முப்பதுக்குத்தான் போனான். அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒரு சொல் நினைவில்லை. மற்றவர்கள் "நன்றி" என்றபோது நானும் "நன்றி" என்றேன்.

ஐந்தாவது நாள் மருமகளுக்குப் போன் போட்டேன். தண்ணீர் வருகிறதா, குழந்தைக்குச் சளி சரியாகிவிட்டதா என்று சுற்றிவளைத்துவிட்டு மகனைப் பற்றிக் கேட்டேன்.

"காலையில எழுந்து மாடிப்படியில போய் உக்காந்துக்கறாரு மாமா. போனும் கையுமா. ஏதோ வகுப்பாம். ஆனா ஒருத்தர் பேசற சத்தமும் கேக்க மாட்டேங்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு நாளா தொடல மாமா. சொல்லவே பயமா இருக்கு, கண்ணு பட்டுடும்னு."

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். வாசலில் நின்றே தேறுகிறான், உள்ளே வந்து என்ன ஆகப்போகிறது என்று கணக்குப் போட்டேன். வாழ்நாள் முழுக்கக் குறைந்த எடையைக் கண்டுபிடித்துக் கடைக்காரனின் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். அந்தக் கணக்கில் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பதின்மூன்று நாள் வந்தான்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மா திரும்பி வந்தார். அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் சேவை செய்கிறவர்கள் மட்டும் ஆறேழு பேர் தனியாகப் பேசினோம். பேரன் பிறந்த சேதியைச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். மென்பொருள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது, என்னைவிட நேர்மையாக.

"ஐயா, சுண்டுன்னு ஒருத்தரு பதிமூணு நாள் வெளியில நின்னுருக்காரே. ஒரு நாளும் உள்ள வரல. என்னாச்சு?"

கேள்வியில் குற்றம் இல்லை. கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்கள். ஆனால் என் சேவையில் கவனக்குறைவு என்ற பேச்சு வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் வாய் தானாகச் சொன்னது: "அது அன்னிக்குப் பாட்டுப் போட்டவன். வேற போன்ல, வேற பேர்ல வர்றான். படத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சேன்."

தையல்காரம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒரு மணி நேரம் நின்னுருக்காரே ஐயா. வம்பு பண்ண வர்றவன் அவ்ளோ நேரம் நிப்பானா?"

"பெரியவர் சொன்னா அளவு சரியாத்தான் இருக்கும்மா" என்றார் ஓட்டுநர். என் பழைய வேலை என்னவென்று குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

அப்படியானால் நீக்கிவிடுங்கள் என்றார்கள். ஆறு பேர் பார்த்திருக்க, என் மகனின் பெயரைத் தேடி எடுத்து, 'நீக்கு' என்பதைத் தொட்டேன். உறுதியாகவா என்று அது ஒரு முறை கேட்டது. ஆம் என்பதையும் தொட்டேன்.

அடுத்த ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நிலைப்படியில் நின்றான். வாடை அவனுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது. செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தேன். பிறகு "வா" என்றேன்.

"கூப்பிட்டீங்களா? சரி" என்று சொல்லிக்கொண்டே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். சவரம் செய்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டேன். பதினாலு நாள் இருந்தேன், பதினைந்தாம் நாள் முடியவில்லை என்றான். ஓர் இடத்துக்குப் போனதாகவும், அவர்கள் வெளியிலேயே நிற்கவைத்ததாகவும், பிறகு உனக்கு இங்கே அனுமதி இல்லை என்று திரையில் போட்டுவிட்டதாகவும் நிதானமாகச் சொன்னான். குடித்திருந்தபோதும் அவன் நாக்கு குழறவில்லை. அதிலும் என்னைப் போலத்தான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நம்ம வீட்டு ஆளு போய் நிக்கலாமா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

அவன் சத்தமில்லாமல் சிரித்தான். அவன் அம்மாவின் சிரிப்பு. எழுந்துபோய் அலமாரியின் மேலிருந்த மரப்பெட்டியைத் தொட்டான். ஓய்வுபெற்றபோது அந்தப் பழைய பெட்டியை எனக்கே நினைவாகக் கொடுத்திருந்தார்கள். மூடியைத் திறந்து பெரிய குழிக்குள் மூன்று விரலை விட்டான்.

"ரெண்டு கிலோ. எனக்கு அப்ப பத்து வயசு. குளிக்கப் போறப்ப சாவியக் கழட்டி வைப்பீங்க."

மூடியைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினான்.

"போன வருஷம் எங்கேர்ந்துடா வந்தன்னு கேட்டீங்களே. அன்னிக்கே சொல்லியிருப்பேன். அம்மா ஞாபகம் வந்துச்சு, விட்டுட்டேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"ஆஸ்பத்திரியில, கடைசி வாரம். உங்கப்பா ஒரு எடத்துல போய்த் தேறிட்டாருடா, உனக்கு எப்பவாவது வேணும்னா அங்கயே போ, அவரு இருப்பாருன்னாங்க."

"சத்தியம் பண்ணியிருந்தா" என்றேன். இத்தனைக்கும் பிறகு என் வாயிலிருந்து வந்தது அது. செத்துப்போனவள் வாக்குத் தவறிவிட்டாள் என்ற குறை.

அவன் பெட்டியை மூடினான். "அந்தப் பேர எதுக்கு வெச்சேன்னு நெனக்கறீங்க? யாருன்னு தெரியாம நான் பேச ஆரம்பிச்சு, நீங்க எல்லார் முன்னாடியும் சங்கடப்படக்கூடாதுன்னுதான். முன்னாடியே தெரியட்டும்னு."

வாசலில் வேறு யாராவது இருந்திருக்கலாம் என்று முனகினேன். எனக்கே கேவலமாக இருந்தது. அவன் கதவைப் பார்த்துக் கையை நீட்டினான். அட்டை பழுத்துப்போய் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"அழைக்கப்பட்டதும் உள்ளே வரவும். வேற யாருப்பா இப்பிடி எழுதுவா? முதல் நாளே தெரிஞ்சிடுச்சு. எப்படியும் ஒரு நாள் கூப்பிடுவீங்கன்னு உக்காந்திருந்தேன். சின்ன வயசுல கூப்பிடத்தான செஞ்சீங்க. லேட்டானாலும்."

போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அது நான் பழக்கியது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மூன்று நிமிடம் கேட்டு வாங்கிப் பேசினேன். பெட்டியில் தொடங்கி 'நீக்கு' வரைக்கும் எதையும் விடவில்லை. மற்றவர்கள் அங்கே சொன்னதை நான் எங்கும் எழுத மாட்டேன், அது விதி. என்னைப் பற்றி எழுதத் தடையில்லை. பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். யாராவது காறித்துப்ப மாட்டார்களா, நீயெல்லாம் மனுஷனா என்று ஒரு குரல் கேட்காதா என்று இருந்தது. ஓட்டுநராவது ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"நன்றி" என்றார்கள். அடுத்தவர் தன் பல்வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

கூட்டம் கலைந்த பிறகு தையல்காரம்மா மட்டும் இருந்தார். "பட்டியல்லேர்ந்து அந்தப் பேர எடுத்துட்டேன் ஐயா. வாசலை வேற ஆளுக்குக் கொடுக்கறேன். நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. துணியில் தப்பாகப் போன தையலைப் பிரித்தெடுக்கிற குரல்.

மகனுக்கு நானே போன் செய்தேன். எடுக்கவில்லை. மருமகளிடம், காலையில் ஐந்தரைக்கு அவனை எழுப்பிவிடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னாள்: "எழுப்பினேன் மாமா. என்னை அங்க நீக்கிட்டாங்கன்னு சொல்லித் திரும்பிப் படுத்துக்கிட்டாரு." தடையை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னாளாம். யார் எடுத்தாங்க என்று மட்டும் கேட்டானாம். அவளுக்குப் பதில் தெரியவில்லை. நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எனக்கும் வழியில்லை. எடுத்தது நான் இல்லை.

வேலையிலிருந்து போன வெள்ளிக்கிழமை அவனை நிறுத்திவிட்டார்கள்.

அறைக்கதவில் அட்டை அப்படியேதான் இருக்கிறது. அதைக் கிழித்துப்போட்டுவிட்டுத் திருந்திவிட்டவன் மாதிரி நிற்க எனக்கு விருப்பமில்லை.

குழுவுக்குத் தினமும் போகிறேன். இப்போது வாசல் ஓட்டுநரிடம் இருக்கிறது. காத்திருப்புத் திரையில் பழையபடி 'கொஞ்சம் இருங்க, வந்துடறோம்' என்று போட்டுவிட்டார். ஐந்தரைக்கு முன்பே போய் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் அதிக நேரம் நிற்கவைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். மூன்று விநாடிக்கு மேல் அவர் என்னை ஒரு நாளும் நிற்கவைத்ததில்லை.